தரணேந்திரனுக்குப் பசிக்குது

"இன்னொரு வாட்டி அந்த ஆளு நின்னாருன்னு வெச்சுக்கோ, நானே மலையிலேர்ந்து தள்ளி வுட்டுடுவேன்!"

இப்படிக் கத்தினது நான்தான். குமரேசன். திண்டிவனத்துல எங்க காலைநடை சங்கத்துக்கு ஆறு வருஷமா தலைவர்.

செஞ்சிப் பக்கம் ஒரு காட்டு மலை. உச்சி வரைக்கும் நாலு கிலோமீட்டர் ஒத்தையடிப் பாதை. கிளம்பறதுக்கு மொத நாளே வாட்ஸ்அப் குரூப்புல சவால் வுட்டிருந்தேன். "வழியில ஒரே ஒரு தடவை நான் 'நில்லுங்க'ன்னு சொன்னா, தலைவர் பதவி மணிமாறனுக்கு!"

மணிமாறனுக்கு முப்பத்தெட்டு வயசு. வயிறே கிடையாது. எனக்கு அம்பத்தேழு. வயிறு உண்டு.

வாய்க்கொழுப்பு, வேற என்ன!

மொத கிலோமீட்டர்லயே முட்டி ரெண்டும் கெஞ்ச ஆரம்பிச்சுடுச்சு. வாயைத் தொறந்தா காத்துதான் வருது. போச்சுடா பதவின்னு நெனச்சேன்.

அப்போ பின்னாலேர்ந்து ஒரு குரல்.

"கொஞ்சம் நில்லுங்க. தண்ணி வடிகட்டணும். எங்க ஜைனருங்க வடிகட்டாத தண்ணி குடிக்கக் கூடாதுங்க."

தரணேந்திரன். மல்லாட்டை வியாபாரி, வேர்க்கடலை மூட்டை ஏத்தறவரு. சங்கத்துக்குப் புதுசு. பாட்டில் வாயில துணியைக் கட்டி, சொட்டுச் சொட்டா வடிகட்டினாரு. நான் பாறையில சாஞ்சு, நல்லா மூச்சு வுட்டுக்கினு, மணிமாறன்கிட்ட சொன்னேன். "பேஜாரு புடிச்ச ஆளுப்பா."

அடுத்த ஏத்தத்துல எனக்குக் கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு.

"நில்லுங்க நில்லுங்க! எறும்பு போவுது. மிதிச்சா பாவங்க."

எறும்பு வரிசை முடியற வரைக்கும் கால்மணி நேரம் நின்னோம். அப்பத்தான் அந்தத் தள்ளி வுடற டயலாக்.

உச்சி கண்ணுக்குத் தெரியுது. கால் நகரவே மாட்டேங்குது. மணிமாறன் என்னையே பார்த்துக்கினு நிக்கிறான்.

"பசிக்குதுங்க"ன்னாரு தரணேந்திரன். "பொழுது சாஞ்சா நாங்க சாப்பிடக் கூடாது. இங்கியே முடிச்சுடறேன்."

நாலே நாலு இட்லி. அதை இருபது நிமிஷம் மென்னாரு!

ஒருவழியா உச்சிக்குப் போயி கொடி புடிச்சு செல்ஃபி எடுத்துக்கினேன். கையோட குரூப்புல ஒரு மெசேஜும் தட்டினேன். "அடுத்த மலைக்கு தரணேந்திரனைக் கூப்பிட வேணாம். அவரால என் வேகமே கெட்டுப் போச்சு." மேல டவர் இல்லை. போகாம நின்னுடுச்சு.

அடிவாரத்துக்கு எறங்கறப்போ நல்லாவே இருட்டிடுச்சு. டீக்கடை பெஞ்சுல தரணேந்திரன் தனியா உக்காந்து வெங்காய பஜ்ஜியை வெளுத்து வாங்கிக்கினு இருக்காரு. கடை ஜக்கைத் தூக்கி மடக்கு மடக்குன்னு தண்ணியும் குடிச்சாரு. வடிகட்டவே இல்லை.

"என்னங்க இது? பொழுது சாஞ்சுடுச்சே!"

"அதெல்லாம் என் சம்சாரம் குணமதிதாங்க பாக்கறா. நான் வுட்டு இருபது வருஷம் ஆச்சு."

"அப்போ மேல பண்ணினது..."

'டிங்'னு அவரு போன் அடிச்சுது. என் மெசேஜுக்கு டவர் கெடச்சுடுச்சு.

எண்ணெய்க் கையை வேட்டியில தொடச்சுக்கினு நிதானமா படிச்சாரு. போனை மடியில சொருகிட்டு, மணிமாறன் தூரத்துல வர்றதைப் பார்த்துக் குரலைத் தணிச்சாரு.

"அடுத்த மலையில உங்களுக்கு மூச்சு வாங்கினா, யாருங்க தலைவரே பசிக்குதுன்னு சொல்றது?"