இருபத்து மூன்று நிமிடப் பாட்டு

"காது கேக்கலைன்னு நீ சொல்றதை இதோ என் காதாலதானே கேட்டுட்டிருக்கேன்? அப்புறம் என்ன?"

ஸ்பீக்கர் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார் கணக்கு வாத்தியார். கொஞ்ச நாளாகவே அவர் எதையும் மெதுவாகச் சொல்வதில்லை.

"என் உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கறீங்கப்பா," என்றாள் மகள். "நேத்து காலிங் பெல்லை ஆறு தடவை அடிச்சேன். உள்ள குக்கர் பத்து விசில் விட்டு அடிப்பிடிச்சுது. நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க."

"குக்கர் விசில்ல கேக்கறதுக்கு என்ன இருக்கு? ஒரே சுரம்."

வாத்தியாருக்குக் கேட்கத் தகுந்தது என்று உலகத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். நாற்பது வருடங்களுக்கு முன்னால் வந்த ஒரு புரோகிரஸிவ் ராக் ஆல்பம். அந்த இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிடம். கலங்கரை விளக்கக் காவல்காரன் ஒருவன் விளக்கை விட்டுவிட்டுப் படகில் ஏறிக் கடலுக்குள் போகிற கதை. தாளம் ஏழில் ஓடும், திடீரென்று பதினொன்றுக்குத் தாவும், ஓரிடத்தில் நின்றே போகும். அவருடைய மனைவி உட்படப் பெரும்பாலானவர்கள் நாலாவது நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுவார்கள். ஓடாமல் உட்கார்ந்த முப்பது பேர் சேர்ந்து மன்றம் வைத்திருந்தார்கள். வாத்தியார்தான் தலைவர்.

வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஸ்பீக்கரில் அந்தப் பக்கத்தைப் போடுவார்கள். வாத்தியார் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்தையும் அது வரும்போதே எடுத்துச் சொல்வார். இந்த வருடக் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் புது ஸ்பீக்கர் வாங்கத்தான் இசைத்தட்டும் கையுமாகக் கடைக்கு வந்திருந்தார்.

"காதுக்கு மிஷின் வெச்சிட்டுப் போங்க. இல்லைன்னா அந்த நாற்காலியை வேற யாருக்காவது விடுங்க," என்றாள் மகள். "அத்தனை பேர் முன்னாடி நீங்க தப்பா ஏதாவது சொல்லி, அவங்க சிரிச்சா என்னால தாங்க முடியாதுப்பா."

"மிஷின் வெச்சா அது மிஷின் கேட்ட பாட்டு. நான் கேட்ட பாட்டு இல்லை," என்றார் வாத்தியார். "பந்தயம் வெச்சுக்கலாமா? இங்கேயே அதைப் போடச் சொல்லு. நான் கண்ணை மூடிக்கறேன். எது எப்ப வருதோ, அந்த நொடியில சொல்றேன். ஒரு இடம் தப்பினாலும் மிஷின் மாட்டிக்கறேன். தப்பலைன்னா இனிமே அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"மனப்பாடமா ஒப்பிச்சிடுவீங்க."

"மனப்பாடத்துல வரிசை வரும். நொடி வருமா?" ஒரு நோட்டை அவள் கையில் திணித்தார். "நிமிஷம், நொடி எல்லாம் எழுதியிருக்கு. போன்ல நேரம் பார்த்துச் சரிபாரு."

கடைக்காரர் இசைத்தட்டைத் துடைத்துச் சுழலவிட்டு ஊசியை வைத்தார். கண்ணாடிக் கதவு லேசாக அதிர்ந்தது. வெளியே நல்ல மத்தியான வெயில். வாத்தியார் கண்ணை மூடினார்.

"ஆர்கன்... இடது பக்கம் அலை... வலது பக்கம் துடுப்பு."

மகள் கண்கொத்திப் பாம்பாக நோட்டைப் பார்த்தாள். எல்லாம் சரி.

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் சட்டென்று கை காட்டி அவரை நிறுத்தினாள். அவர் குழம்பிப்போய் அங்கேயே நின்றார்.

"இப்ப டிரம்ஸ் ஏழுக்கு மாறுது," என்று வாத்தியார் முழங்காலில் தட்டினார். நோட்டில் நாலு நிமிடம் பத்து நொடி. போனிலும் அதேதான்.

"புல்லாங்குழல்." சரி.

"பதினொண்ணு." அதுவும் சரி.

கடையிலிருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். யாரும் மூச்சு விடவில்லை. வாத்தியாரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைத்துக்கொண்டாரே தவிர, கண்ணைத் திறக்கவில்லை.

பதிமூன்றாவது நிமிடத்தில் எல்லாம் நின்றுபோகும் இடம். விரலை உயர்த்தி அப்படியே வைத்துக்கொண்டார்.

"இதுதான் இந்த ஆல்பத்தோட உசுரு. அவன் திரும்பிப் பார்க்கறான், கரை தெரியலை. இவ்வளவு பெரிய அமைதியை வேற யாரால வாசிக்க முடியும்?"

சரியாக எட்டாவது நொடியில் விரல் இறங்கியது. "கிட்டார்."

மகள் போனைப் பார்த்தாள். அதுவும் சரி.

கடைசியாக, "மணி. மூணு தடவை. அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தார். போனில் இருபத்து மூன்று நிமிடம் இரண்டு நொடி. ஒரு இடம்கூடத் தப்பவில்லை.

மகளின் கன்னம் நனைந்திருந்தது. வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்பது வருடத்தில் அவர் வீட்டில் ஒருவர்கூட அந்தப் பாட்டுக்காக அழுததில்லை.

"பார்த்தியா, உனக்கே அழுகை வந்துடுச்சு."

அவள் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "நீங்க ஜெயிச்சிட்டீங்கப்பா. ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். முன்வரிசையில உக்காந்துக்கறேன்."

வாத்தியார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கடைக்காரரைப் பார்த்து, "இந்த ஸ்பீக்கர் ஜோடியையே பில் போடுங்க. நாப்பது வருஷத்துல இந்தப் பாட்டை எதுலயும் இவ்வளவு தெளிவா நான் கேட்டதில்லை," என்றார்.

கடைக்காரர் அவரைப் பார்க்க முடியாமல் மகள் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்:

"கரண்ட் வந்தாத்தாம்மா பில் போட முடியும். மூணாவது நிமிஷத்துல போனது, இன்னும் வரலை."