பத்து நாள் பேசாதவள்

"செருப்பைக் கழட்டிட்டு வரணுங்களா சார்?"

வாசலில் நின்று கேட்ட அம்மாக்கண்ணு, பதில் வருவதற்குள் தானே கழற்றி ஓரமாக வைத்தாள். மகள் வெண்ணிலாவின் கையைப் பிடித்து இழுத்தாள். ஒன்பது வயதுப் பெண், படியில் காலை ஊன்றிக்கொண்டு வர மறுத்தாள்.

"வா கண்ணு. போலீசுன்னா பயமா? நமக்கு நல்லது பண்றவங்க."

மேஜைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஏட்டு சிரித்தார்.

"சார், கேஸு வந்திருக்கு!"

"சும்மா இரு கண்ணாயிரம்." இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டார். "என்னம்மா, எங்கேர்ந்து வர்றே?"

"ரெண்டு மலைக்கு அந்தாண்ட சார். ஜமுனாமரத்தூர் டேசனுக்குத்தான் கெளம்பினோம். பஸ்ஸு போய்டுச்சு. நடந்து வர்றப்ப செவப்பும் நீலமுமா பலகை தெரிஞ்சுது. எனக்குப் படிக்கத் தெரியாது, அந்தக் கலரு தெரியும். எங்களுக்குன்னே தொறந்து வெச்சாப்ல இருக்குது."

"சரி, யார் மேல புகார்?"

"சினிமாக்காரங்க மேல."

இன்ஸ்பெக்டர் டீ கிளாஸை மேஜையில் வைத்தார். பின்பக்கம் எங்கோ ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

"அருவிகிட்ட படம் புடிக்க வந்தாங்க சார். புள்ளை மூஞ்சி நல்லா இருக்குதுன்னு கேட்டாங்க. நான் முடியாதுன்னுதான் சொன்னேன். கலெக்டரு ஆபீசுல எழுதிக் குடுத்திருக்கோம், புள்ளைங்களைப் பாத்துக்கத் தனியா ஒரு ஆளு இருக்காருன்னு பேப்பரைப் படிச்சுக் காட்டினாங்க. அதை நம்பித்தான் கைநாட்டு வெச்சேன்."

"அப்புறம்?"

"ஒரு நாளு, நீ வர வேணாம், இன்னிக்கு வேற எடத்துல எடுக்கறோம்னு இவளை மட்டும் வேன்ல ஏத்தினு போனான். பொழுது சாய கொண்ணாந்து வுட்டான். அன்னிலேர்ந்து பத்து நாளா இது வாயே தொறக்கல சார். குளிப்பாட்டறப்பதான் ஒடம்பைப் பாத்தேன்." அம்மாக்கண்ணு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"யாரு கூட்டிட்டுப் போனது?"

"சிவசங்கர்னு ஒருத்தன். பெரிய டைரக்டருக்குக் கீழ இருக்கறவன்."

"பாத்துக்க ஆள் போட்டிருந்தாங்கன்னியே, அந்த ஆள் எங்கே போனான்?"

"அதுவும் அவன்தான் சார்."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டின் சிரிப்பு போயிருந்தது. விறுவிறுவென்று வெளியே போனார்.

வெண்ணிலா அம்மாவின் சேலையை இழுத்தாள். "இரு கண்ணு, சார்கிட்ட பேசிக்கினு இருக்கறேன் இல்ல?" மறுபடியும் இழுத்தாள். அம்மாக்கண்ணு அவள் கையைத் தட்டிவிட்டாள்.

ஏட்டு திரும்பி வந்து, இன்ஸ்பெக்டரின் காதில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்தார். கைக்குட்டையில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"சாட்சி ஏதாவது இருக்காம்மா?" குரல் ரொம்பவும் தணிந்திருந்தது.

"இருக்குது சார்!" இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "இதுல அவனே பேசி அனுப்பியிருக்கான். தப்பு நடந்துபோச்சு, மறந்துடுன்னு ஒண்ணு. வெளிய சொன்னா மலையில இருக்க மாட்டீங்கன்னு ஒண்ணு."

"வேற யார்கிட்டயாவது இதைக் காட்டினியா? வேற போன்ல ஏத்தி வெச்சிருக்கியா?"

"அதெல்லாம் எனக்கின்னா சார் தெரியும்? இதுல மட்டுந்தான் இருக்குது."

"இங்கேயே இருக்கட்டும். கோர்ட்டுக்கு வேணும்."

அவள் இரண்டு கையாலும் போனை நீட்டினாள். ஏட்டு ஒரு தாளில் ஏதோ எழுதிக் கொண்டுவந்தார். அம்மாக்கண்ணு பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். வெண்ணிலா இப்போது சேலையை இழுக்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஜமுனாமரத்தூருக்குப் போக வேண்டாம். நாங்க பாத்துக்கறோம். ஒரு வாரத்துல கூப்பிடறேன்."

"போனுதான் உங்ககிட்ட இருக்குதே சார்."

"ஆளை அனுப்பறேன்மா. போ." குழந்தையின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அம்மாக்கண்ணு குனிந்து கும்பிட்டாள். குழந்தையின் தலையைப் பிடித்து அழுத்தி, அவளையும் கும்பிட வைத்தாள்.

புளியமர வளைவு தாண்டி ரொம்ப தூரம் வந்த பிறகுதான் காலில் கல் குத்தியது.

"ஐயோ, செருப்பை அங்கியே வுட்டுட்டேன்! நீ இங்கியே நில்லு கண்ணு, ஒரே ஓட்டமா எடுத்துனு வர்றேன். எப்படிப்பட்ட மனுசன் பாத்தியா? ஒரு அதட்டு அதட்டல. இனிமே அவன் ஜெயில்லதான்."

வெண்ணிலா இரண்டு கையாலும் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதம்மா."

அம்மாக்கண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்து நாளைக்குப் பிறகு கேட்ட குரல். குழந்தையின் முகத்தை இரு கைகளிலும் ஏந்தினாள். "பேசிட்டியா! என் தங்கமே, பேசிட்டியா! இன்னும் ஏதாவது சொல்லு கண்ணு."

"அது டேசன் இல்லம்மா, சினிமாக்கு அட்டையில பண்ணது. அன்னிக்கு என்னை வேன்ல இட்டாந்தது இங்கதான். நீ கைநாட்டு வெக்கறப்ப அந்த சிவசங்கர் சாரு ஜன்னலுக்கு அந்தாண்ட நின்னுக்கினு, பேசாதன்னு வாயில வெரல வெச்சுக் காட்டினாரு."