ரெண்டாவது சரணம்

“இன்னிக்கும் அதே இடத்துல முழிச்சாரு. இருபத்தெட்டு வருஷமா பாடற ஒரே பாட்டுய்யா அது.”

கிட்டாரை உறைக்குள் திணித்தபடி பொரிந்து தள்ளினான் கிட்டார்காரன். குழுவில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

“விடுப்பா. அது அண்ணன் பாட்டு, அண்ணன் பாடு,” என்றார் டிரம்ஸ்காரர்.

பாடகர் குழுவில் எல்லோருக்கும் அண்ணன். அந்தப் பாட்டு வெளிவந்தபோது பதினோரு வாரம் தரவரிசையில் முதலிடத்தை விட்டு அசையவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் போட்ட நாலு ஆல்பமும் வந்த சுவடு தெரியாமல் போயின. அந்தப் பாட்டு மட்டும் சாகவில்லை. பற்பசை விளம்பரத்தில் வந்தது, லிஃப்டில் வந்தது, ரிங்டோனாக அலறியது. போன வருடம் யாரோ ஒரு பெண் மொட்டை மாடியில் அதற்கு ஆடிய வீடியோ ஊரெல்லாம் பரவி, மறுபடி தரவரிசையில் ஏழாவது இடம். மறுபடி அரங்கம் நிறைகிறது. பாடுகிறவருக்குத்தான் வரி மறந்து தொலைக்கிறது.

அதற்குத்தான் முதல் வரிசையில் அண்ணி இருக்கிறார். அண்ணன் திருதிருவென்று விழித்ததும் எழுந்து நின்று, “இந்த இடத்துலதானே எப்பவும் கோட்டை விடுவீங்க,” என்று வரியை எடுத்துக் கொடுப்பார். கூட்டம் சிரிக்கும். கிட்டார்காரனுக்கு மானம் போகும்.

சனிக்கிழமை பகல் நிகழ்ச்சியை ரெக்கார்டிங் கம்பெனி பதிவு செய்து வெளியிடப்போகிறது. மேனேஜர் அண்ணனிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

“சார், அன்னிக்குத் தடுமாறினா பதிவை நிறுத்திடுவேன். அப்புறம் இந்தப் பாட்டைக் கிட்டார் தம்பியே பாடட்டும். அவருக்குக் குரலும் இருக்கு, ஞாபகமும் இருக்கு.”

“சரிங்க,” என்றார் அண்ணன்.

கிட்டார்காரனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இருந்தாலும் நாளைக்குப் பழி வரக் கூடாதே. சரணத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி மைக் ஸ்டாண்டில் ஒட்டி வைத்தான்.

சனிக்கிழமை. இரண்டாவது சரணம் வந்தது. அண்ணன் நின்றுவிட்டார். கண்ணெதிரே தாள். அதைப் பார்க்காமல் முதல் வரிசையையே பார்த்தார்.

டிரம்ஸ் ஒரு சுற்று வந்தது. அண்ணி மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். இன்னொரு சுற்று. பதிவை நிறுத்தச் சொல்ல மேனேஜர் கையைத் தூக்கினார். இதுதான் சமயம் என்று கிட்டார்காரன் தன் மைக்கில் வாயை வைத்தான். அண்ணன் அந்த மைக்கை உள்ளங்கையால் பொத்தினார்.

மூன்றாவது சுற்றில் அண்ணி எழுந்தார்.

“எத்தனை தடவைதான் சொல்றது உங்களுக்கு? ‘வாசல் விளக்கை அணைக்காதே, வந்துக்கிட்டே இருக்கேன்.’ ம், பாடுங்க.”

அண்ணன் பாடினார். அரங்கமே கூடச் சேர்ந்துகொண்டது. மேனேஜர் தூக்கிய கையாலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், “அந்தம்மா குரலோடவே வெளியிடறோம்,” என்றார்.

கிட்டார்காரனுக்கு ஆறவில்லை. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு அண்ணனைத் தேடிப் போனான்.

அண்ணன் தோல் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, சாதாரணச் சட்டையும் கண்ணாடியுமாக, முதல் வரிசையில் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் மகள் அண்ணியின் கையைப் பிடித்திருந்தாள்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க யாருங்க? எங்க வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா? இப்பத்தான் மேடையில பாடினாரு. பாவம், நான் எடுத்துக் கொடுக்கலேன்னா அவருக்கு ஒரு வரி ஓடாது.”

“பார்த்தேங்க,” என்றார் அண்ணன். “உங்களை நம்பித்தான் அடுத்த சனிக்கிழமையும் பாட ஒத்துக்கிட்டாராம். அவசியம் வந்துடச் சொன்னாரு.”