சண்டைக்கென்று ஒரு மொழி

யாராவது "தலை வலிக்குது" என்று முனகினால் போதும், கணினி பொருத்திய வீட்டுச் சுவர் மாத்திரையை வரவழைத்துவிடும். கணவனும் மனைவியும் வாக்குவாதம் செய்தால் நடுவில் புகுந்து சமாதானம் பேசும். நிம்மதியாகச் சண்டை போடுவதற்காகவே தணிகைவேலும் அவர் மனைவி பூங்கோதையும் சுவருக்குப் புரியாதபடி சொந்தமாக ஒரு மொழியை உருவாக்கினார்கள். முக்கால்வாசிச் சண்டை ஃபேனைப் பற்றித்தான். அவருக்குப் புழுக்கம், அவளுக்குக் குளிர்.

பூங்கோதை இறந்தபின், பேச ஆளில்லாமல் அந்த மொழி அவருக்கு மறந்துகொண்டே வந்தது. ஒருநாள் ஃபேனைப் பார்த்துப் பழைய சண்டையைத் தனியே ஆரம்பித்தவர், பாதியில் சொல் கிடைக்காமல் நின்றார். சுவர் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டுக் கேட்டு வந்திருச்சு சார். சொன்னா நீங்க பேசுறத நிறுத்திருவீங்கன்னு சொல்லல."

கோபம் வந்தது. ஆனாலும் அந்த மொழி தெரிந்த வேறு யாரும் இல்லை. தான் உருவாக்கிய மொழியைச் சுவரிடமே திரும்பக் கற்றார். சரளமாகப் பேச வந்த அன்று, "ஃபேனை இன்னும் வேகமா வை!" என்று அந்த மொழியில் கத்திவிட்டு, பதிலடிக்குக் காத்திருந்தார்.

"நீங்க சொல்றதுதான் சரி" என்றது சுவர், அதே மொழியில், பிசகில்லாமல். ஃபேன் வேகமாகச் சுழன்றது.

பூங்கோதை ஒரு தடவைகூடச் சொல்லாத வாக்கியம் அது. தணிகைவேல் எழுந்துபோய்த் தானே ஃபேனை நிறுத்தினார்.