தளர்ந்த கம்பிகள்

பிடித்த பாட்டு எது என்று கேட்டால் ஜெனிட்டா யோசிப்பதே இல்லை. எட்வின் குழுவின் ‘சாம்பல் ரயில்’தான். மின்சாரம் வராத வீட்டில், டேப் ரெக்கார்டரில் ஒரே கேசட்டைப் போட்டுப் போட்டு அதைக் கற்றாள். பேட்டரி இறங்க இறங்கப் பாட்டு மெதுவாகி, குரல் கிணற்றுக்குள் போனது. பாட்டே அப்படித்தான் என்று நம்பி, கிதார் கம்பிகளைத் தளர்த்தி, அந்தக் கனத்திலேயே வாசித்துப் பழகினாள்.

அவள் குழுவின் முதல் ஒத்திகையில் டிரம்ஸ் வாசித்த சேவியர் குச்சிகளைக் கீழே போட்டான்.

“என்ன பிள்ள, சாவு வீட்டுலயா வாசிக்கிற? ஒரிஜினலைக் கேட்டதே இல்லையா?”

“நான் கேட்டது இதுதான்.”

அவள் மாற்றிக்கொள்ளவில்லை. சிரித்த கூட்டங்கள் பாட்டு முடிவதற்குள் தரையை மிதித்துத் தாளம் போட ஆரம்பித்தன.

நேற்று, நிரம்பி வழிந்த மைதானத்தில், அவள் கச்சேரியின் நடுவே, நரைத்த தலையோடு எட்வினே மேடையேறினார்.

“அந்தப் பாட்டைச் சேர்ந்து வாசிப்போமாம்மா?”

“வாசிக்கலாம் சார். ஆனா என்னோட சுருதி ரொம்பக் கீழ இருக்கும். உங்களுக்காகக் கம்பிய ஏத்திக்கட்டுமா?”

மைதானமே பார்த்துக்கொண்டிருக்க, எட்வின் தன் கிதாரின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். பின்னால் சேவியர், சாவு வீட்டு வேகத்தில், குச்சிகளைத் தட்டினான்.