திரும்பி வந்த தள்ளுவண்டி

"பாய், மறுபடியும் புட்டுக்கினு வந்துடுச்சு."

ரோகிணி தள்ளுவண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுத்து விற்கும் வண்டி அது. அடுப்பு வைக்கும் தகடு, கீழே தாங்கும் ஆங்கிள் இரும்புச் சட்டத்தை விட்டு ஒரு பக்கம் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நௌஷாத் பாய்க்குக் கையிலிருந்த டீ கசந்தது. இதே வண்டி, இதே மூலை, மூன்றாவது தடவை. பூஞ்சேரி கூட்ரோட்டில் அவர் பட்டறை போட்ட நாளிலிருந்து, பற்றவைத்துக் கொடுத்த சாமான் எதுவும் இப்படித் திரும்பி வந்ததில்லை.

பட்டறையில் வேலை பார்க்கும் வசந்த் அதற்குள் எழுந்து வண்டியிடம் போய்விட்டான். தொங்கிய தகட்டைத் தூக்கிப் பார்த்தான். கிரைண்டரை எடுத்து, பிரிந்த விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தான்.

"டேய், இருடா. எப்படி உட்டுச்சுன்னு நான் பாக்க வேணாமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் விளிம்பு பளபளவென்று ஆகிவிட்டது. போன தடவையும் இதேதான் நடந்தது.

வசந்த் நல்ல வேலைக்காரன். அச்சரப்பாக்கத்துப் பையன். போன வருஷம் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பாய் பொறுத்துக்கொண்டார். வாய் பேசாவிட்டால் என்ன, கை பேசுகிறதே என்று இருந்தார். இப்போது அந்தக் கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

கோவளம் பக்கம் ஒரு ஹோட்டலில் மாடிக் கைப்பிடி வேலை வந்திருந்தது. கனமான இரும்புத் தகட்டின் மேல் மெல்லிசான பைப்பை நிற்கவைத்துப் பற்றவைக்க வேண்டும். வசந்தை நம்பித்தான் ஒப்புக்கொண்டிருந்தார். மீன் வண்டியில் பற்று விட்டுப்போனால் வறுவல் மண்ணில் விழும். மாடியில் விட்டுப்போனால் மனுஷன் விழுவான்.

அவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல நினைத்தார். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. இந்தத் தடவை அவரே பெரிய சுத்தியலால் அடித்துப் பார்க்கப்போகிறார். விட்டுப்போனால் ஹோட்டல் வேலைக்குச் செங்கல்பட்டிலிருந்து வேறு ஆள் வருவான். வசந்த் இங்கேயே ஜன்னல் கம்பி வெட்டிக்கொண்டிருக்கலாம் என்று கத்தியேவிட்டார்.

"சரி பாய்" என்றான் வசந்த்.

ரோகிணியின் முகம்தான் சுருங்கிப்போயிற்று. "அவரை ஏன் பாய் திட்டுறீங்க? மணல்ல இழுத்துகினு போனா எந்த வண்டியும் ஆடத்தான் செய்யும்."

"நீ சும்மா இரும்மா. ஊர்ல வேற யாரும் மணல்ல வண்டி தள்ளலையா?"

அவள் விரலில் சுற்றியிருந்த துணிக்கட்டைத் திருகினாள். மீன் அறுக்கும்போது பட்டிருக்கும் என்று பாய் நினைத்தார்.

வசந்த் வெல்டிங் மெஷினில் கரண்டைக் குறைத்து வைத்தான். முகமூடியைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ரோகிணியும் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். போன தடவை கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்: இது மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

வசந்த் போன தடவை சொன்ன அதே பதிலைச் சொன்னான்.

"ஆங்கிள் கனம். அதுக்குச் சூடு ஏற நேரம் ஆவும். தகடு மெல்லிசு, நெருப்பு நின்னாலே ஓட்டை வுழுந்துடும். அதனால நெருப்பை ஆங்கிள் மேலயே காட்டணும். அது இளகி வர்றப்ப, தகட்டை லேசா தொட்டுட்டு வந்துடணும்."

"கனமானது இளகுற வரைக்கும் மெல்லிசு இன்னா பண்ணும்?"

"பக்கத்துலயே நிக்கும்."

"நிக்கட்டும்" என்றாள் ரோகிணி.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். இவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசுவது இந்த வண்டி வரும்போது மட்டும்தான். சொல்வதெல்லாம் சரியாகத்தான் சொல்கிறான். பிறகு எங்கே கோட்டை விடுகிறான்?

வசந்த் கொஞ்சம் கொஞ்சமாக, இடம் விட்டு விட்டுப் பற்றவைத்து, பிறகு இடைவெளிகளையும் நிரப்பினான். ஆறியதும் மேலே படிந்த கசடைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றான். பாய் சுத்தியலை ஓங்கி அடித்தார். தகடு நெளிந்தது. பற்று விடவில்லை. இன்னும் நாலு போட்டார். அவருக்குத்தான் தோள் வலித்தது.

குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றினாலும் கசியாத பற்று. இது எப்படி விடும் என்று அவருக்கு விளங்கவே இல்லை. ஆனால் மனசு நிறைந்துவிட்டது.

"திங்கக்கிழமை நீயே ஹோட்டலுக்குப் போடா" என்றார்.

நெளிந்த தகட்டை வசந்த் தட்டி நிமிர்த்திக் கொடுத்தான். ரோகிணி வண்டியைத் திருப்பினாள். அவள் ரோட்டைத் தொடுவதற்குள் வசந்த் ஏதோ ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். போன வருஷத்துக்கு அப்புறம் அவன் ஓடுவதைப் பாய் பார்த்ததில்லை. டீ கிளாஸோடு வாசலுக்கு வந்தார்.

"திங்கக்கிழமைலேர்ந்து பகல்ல நான் இங்க இருக்க மாட்டேன்" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "வண்டியைக் கொண்டாந்தா சாயங்காலமா கொண்டாங்க."

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே இரும்பு அறுக்கும் ரம்ப பிளேடு, புத்தம் புதுசு.

"பழசு மழுங்கிப்போச்சு போல, தகட்டு விளிம்பெல்லாம் ஒரே பிசிறு" என்றான் வசந்த், அவள் விரல் கட்டைப் பார்த்தபடி. "இதால அறுங்க. கை கிழியாது."