பத்தாவது பாட்டு

மருமகன் உதயரூபன் பழைய ரெக்கோட் பிளேயரும் ஒரு இங்கிலீஷ் ரெக்கோட்டும் கொண்டுவந்து தந்தான். சும்மா வாறதை நான் நம்புறதில்லை. ஆனாலும் போட்டுப் பாத்தன்.

முதல் பாட்டு, ஸ்டார்ட் வராத உழவு மெசின். ரெண்டாவதில ஒருத்தன் சேத்துல விழுந்தவன் மாதிரிக் கத்துறான். அஞ்சாவது பரவாயில்லை, கேட்டுக்கொண்டு கிழிஞ்ச வலை பொத்தலாம். ஒன்பதாவதில கிற்றார் அழுதுது.

பத்தாவதில பாட்டுக்காரன் இல்லை. தோணிப் பலகையில மூண்டு தட்டு மட்டும் கேட்டுது.

அட்டையில ஒன்பது பாட்டுத்தான் எண்டு மகள் யசோதினி வாசிச்சுச் சொன்னாள். என்ட காதையும் நம்பாம அவளை இருத்திக் கேக்க வச்சன்.

"ஆரப்பா வாவியில தட்டுறது?" எண்டாள்.

என்ட தம்பி நல்லரத்தினம் அப்பிடித்தான் தட்டுவான். வலை போட்டாச்சா எண்டு கேக்கிற தட்டு அது. ஓம் எண்டு நான் ரெண்டு தட்டினா மீனை என்ட பக்கம் கலைப்பான். முப்பத்தெட்டு வருசத்துக்கு முன்னம் வாவிக்குப் போனவன் வரவில்லை, தோணி மட்டும் வந்துது.

ஆரும் ஏமாத்துறாங்களோ எண்டு ஒரு கிழமை நான் பதில் தட்டவில்லை. ரெக்கோட் போடுற நேரமெல்லாம் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். இண்டைக்குக் காலையில நான் இருந்த கதிரைக் கையில ரெண்டு தட்டினன்.

"அப்பா, கொடியில கிடந்த வலை நனைஞ்சிருக்கு! ஆறு மணலை மீன், உசிரோட!"

முழங்கால் வருத்தத்தில நான் வாவிக்குப் போய் அஞ்சு வருசம்.

அவள் ஆறையும் கழுவப் போனாள்.

"மூண்டை வை புள்ள. அது உன்ட சித்தப்பன்ட பங்கு."

மற்ற மூண்டிலயும் வச்ச புளியாணம் நல்லாயிருந்துது. நாளைக்கு வலையைக் கொடியில கொஞ்சம் அகலமா விரிச்சுப் போட மகளுக்குச் சொல்லியிருக்கிறன்.